ஒன்று விழுந்தாலும் நிற்காத சர்வர்: பிராசஸ், பிராசஸர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இப்போது சர்வர் கம்ப்யூட்டர் இல்லாத தொழில் குறைவு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை, டவுன் ஹால் ரோட்டில் மொத்த வியாபாரம், கே.கே. நகர் பக்கம் ரத்தப் பரிசோதனை லேப் என்று எல்லா இடத்திலும் ஒரு மூலையில் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. என்னிடம் கேள்வி கேட்பவர்கள் இரண்டு வகை: இன்டர்வியூவுக்குத் தயாராகும் இன்ஜினியரிங் மாணவர்கள், அப்புறம் ஒரு நாள் விடிகாலையில் பில் போட முடியாமல் தவித்த கடை முதலாளிகள். இரண்டு பேரும் கேட்பது கடைசியில் ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணே, பிராசஸ், பிராசஸர் இரண்டையும் ஏன் பிரித்துப் பிரித்துப் பேசுகிறீர்கள்?

இரண்டும் சாகிற விதம் வேறு, அதனால்தான். பிராசஸர் என்பது கையால் தொடக்கூடிய சில்லு. பிராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் உள்ள ஒரு புரோகிராம்: அதன் கட்டளைகள், மெமரியில் அது வைத்திருக்கும் விவரங்கள், திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள், இப்போது எந்த வரியில் நிற்கிறது என்பது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் பிராசஸ். பிராசஸர் போனால் அதன் மேல் ஓடிய அத்தனை பிராசஸும் அந்த நொடியே போய்விடும். பிராசஸ் மட்டும் போனால் பிராசஸருக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்க்கும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் மோசம்: இரண்டும் உயிரோடு இருக்கும், ஆனால் கணக்குத் தப்பாக வரும். எந்த சர்வரை எடுத்துக்கொண்டாலும் இந்த மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: யார் கவனிப்பார்கள், யார் ஏற்றுக்கொள்வார்கள், ஏற்றுக்கொள்பவருக்கு அதுவரை நடந்தது தெரியுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எத்தனை பிராசஸர் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

நான் வாங்கிய சர்வரில் இரண்டு பிராசஸர் இருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்தானே?

பார்த்துக்கொள்ளாது. விற்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்த இரண்டு பிராசஸருக்கும் ஒரே மதர்போர்டு, ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம், மெமரியில் பாதி இதன் பக்கம், பாதி அதன் பக்கம். ஓடும்போது ஒன்று திடீரென்று போனால் பெரும்பாலும் முழு மெஷினும் நின்றுவிடும். அந்த இரண்டாவது பிராசஸர் வேகத்துக்காக இருப்பது.

இதில் விதிவிலக்கு மெயின்ஃபிரேம், பேங்குகள் மாதிரிப் பெரிய இடங்களில் ஓடும் ராட்சதக் கம்ப்யூட்டர். ஐபிஎம் 1998-இல் கொண்டுவந்த ஜி5 வரிசையில், ஒரு பிராசஸருக்குள்ளேயே கணக்குப் போடும் பகுதி இரட்டையாக இருக்கும். இரண்டின் விடையும் ஒத்துப்போனால்தான் அடுத்த படி, ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கட்டளையைத் திரும்பச் செய்து பார்க்கும், அப்போதும் சரிவரவில்லை என்றால் அந்த பிராசஸரின் நிலையை அப்படியே உதிரி பிராசஸருக்கு மாற்றிவிடும். புரோகிராமுக்கு ஒன்றுமே தெரியாது. அது பேங்குகள் கொடுக்கும் விலை.

இந்த மாதிரி நிற்காத சர்வரை முதலில் வியாபாரமாகச் செய்தது யார்?

டேண்டம் கம்ப்யூட்டர்ஸ். 1974-இல் ஜிம்மி ட்ரைபிக் ஆரம்பித்தார், 1976-இல் முதல் மெஷின் சிட்டி பேங்குக்குப் போனது. மெஷினின் பெயரே நான்ஸ்டாப். அதற்கு முன்னாலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளிலும் ராக்கெட்டுகளிலும் இரட்டைக் கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் யாரும் காசு கொடுத்து வாங்கிப் பொதுவான வேலைக்குப் போடக்கூடிய மெஷினாக வந்தது இதுதான்.

ஒரு சிஸ்டத்தில் 2 முதல் 16 பிராசஸர் வரை. ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரி, சொந்த ஆபரேட்டிங் சிஸ்டப் பிரதி. எதுவும் பொது கிடையாது. பேசிக்கொள்வதென்றால் மெசேஜ் அனுப்பித்தான், அதற்கும் இரண்டு தனித்தனி பஸ் (பிராசஸர்களை இணைக்கும் தகவல் பாதை). டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொன்றும் இரண்டு பிராசஸரோடு இணைந்திருக்கும், டிஸ்க்கும் இரட்டை. மெமரியைப் பொதுவாக வைத்திருந்தால் ஒரு பிராசஸர் கிறுக்கிய கிறுக்கல் மற்றவற்றையும் கெடுத்திருக்கும், அதைத் தவிர்க்கத்தான் இத்தனையும். அந்தக் கம்பெனியை 1997-இல் காம்பாக் வாங்கியது, காம்பாக்கை 2002-இல் எச்பி வாங்கியது, இன்றும் நான்ஸ்டாப் என்ற பெயரிலேயே விற்கிறார்கள்.

பிராசஸ் ஜோடி என்கிறார்களே, அது எப்படி ஓடுகிறது?

இதுதான் முழு விஷயத்தின் உயிர்நாடி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு பிராசஸர் மேல் மெயின் பிராசஸ் ஓடும். வேறொரு பிராசஸர் மேல் அதே புரோகிராமின் பேக்கப் பிராசஸ் உட்கார்ந்திருக்கும். பேக்கப் வேலை செய்யாது. மெயின் அவ்வப்போது "நான் இதுவரை வந்துவிட்டேன், என் கையில் இருப்பது இது" என்று ஒரு செய்தி அனுப்பும், அதற்குப் பெயர் செக்பாயிண்ட். பேக்கப் அதைத் தன் மெமரியில் ஏற்றிக்கொண்டு சும்மா இருக்கும். கமிஷன் கடையில் ஒரு கணக்குப்பிள்ளை எழுத எழுத, பக்கத்தில் இன்னொருவர் ஒவ்வொரு வரியையும் தன் நோட்டில் ஏற்றிக்கொண்டு வந்தால், முதல் ஆள் பாதியில் எழுந்து போனாலும் இரண்டாமவர் அடுத்த வரியிலிருந்து எழுதலாம் இல்லையா, அதேதான். மெயின் ஓடிய பிராசஸர் செத்த தகவல் வந்ததும் பேக்கப் கடைசி செக்பாயிண்டிலிருந்து தொடங்கும். கேட்டவருக்கு இரண்டொரு நொடி தாமதம், அவ்வளவுதான்.

கடைசி செக்பாயிண்டுக்கு அப்புறம் செய்த வேலை என்ன ஆகும்? இரண்டு தடவை நடந்துவிடாதா?

மாணவர்கள் கேட்கிற கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு கணக்கிலிருந்து 500 ரூபாய் கழிக்கச் சொல்லிக் கோரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் பிராசஸ் 500-ஐக் கழித்து டிஸ்க்கில் எழுதிவிட்டது, "சரி" என்று பதில் அனுப்புவதற்குள் பிராசஸர் போய்விட்டது. கேட்டவருக்குப் பதில் வரவில்லை, திரும்பக் கேட்பார். பேக்கப் அதைப் புதுக் கோரிக்கை என்று நினைத்தால் இன்னொரு 500 போய்விடும்.

அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரிசை எண். "கணக்கு இன்னது, வரிசை எண் 812, இதைச் செய்யப் போகிறேன், செய்தால் பதில் இது" என்று டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன்னால் செக்பாயிண்ட் போய்விட வேண்டும். எழுத வேண்டியதையும் "கழித்த பிறகு இருப்பு இவ்வளவு" என்ற வடிவத்தில் வைத்துக்கொண்டால், பேக்கப் அதையே இன்னொரு முறை எழுதினாலும் இருப்பு மாறாது. ஏற்கெனவே முடிந்த 812 மறுபடி வந்தால், வைத்திருக்கும் பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். எண் இல்லாமல், வெறுமனே "500 கழி" என்று எழுதப்பட்ட எந்தப் புரோகிராமும் இந்தச் சோதனையில் தேறாது. நீங்கள் சாதாரண பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினாலும் இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன்.

செக்பாயிண்டை எங்கெங்கே வைப்பது என்று கையால் எழுதுவது சுலபமில்லை, தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள். டேண்டமே பிற்பாடு டிரான்ஸாக்ஷன் முறையைக் கொண்டுவந்து, பாதியில் நின்றதை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து செய்யும் வழியை அப்ளிகேஷன் எழுதுபவர்களுக்குக் கொடுத்தது. பிராசஸ் ஜோடி முறை சிஸ்டத்தின் உள்பகுதிகளில் மட்டும் தொடர்ந்தது. இன்றைக்கு நாம் டேட்டாபேஸில் கமிட் (முழுதாக உறுதி செய்), ரோல்பேக் (முழுதாக அழித்துவிடு) என்று பழகுவதும் அந்த வழிதான்.

பிராசஸர் செத்துவிட்டது என்று மற்றவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

நான்ஸ்டாப்பில் ஒவ்வொரு பிராசஸரும் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை இரண்டு பஸ்ஸிலும் மற்ற எல்லாவற்றுக்கும் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லும். இரண்டு நொடிக்கு ஒரு முறை, யாரிடமிருந்து வந்தது, யாரிடமிருந்து வரவில்லை என்று ஒவ்வொன்றும் பார்க்கும். வராவிட்டால் செத்தது என்று முடிவு.

இங்கே ஒரு சிக்கல். பதில் வராததால் செத்தது என்று ஆகிவிடுமா? மெதுவாக ஓடலாம், நெட்வொர்க் நெரிசலாக இருக்கலாம். தாமதத்துக்கு உச்சவரம்பே இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு பிராசஸ் செத்துப்போகக்கூடும் என்றாலே, எல்லாரும் கட்டாயம் ஒரு முடிவுக்கு வந்துவிடும்படி எந்த முறையாலும் உத்தரவாதம் தர முடியாது என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985-இல் கணித ரீதியாகவே நிரூபித்தார்கள். நடைமுறையில் எல்லாரும் ஒரு நேர வரம்பு வைத்துத்தான் ஓட்டுகிறோம். வரம்பைக் குறைத்தால் உயிரோடு இருப்பதைச் செத்ததாக நினைத்துவிடும், கூட்டினால் கடை அத்தனை நேரம் நிற்கும். நம் ஊர்க் கடைகளுக்கு நான் பத்து நொடிக்குக் கீழே வைப்பதில்லை.

சந்தேகம் வந்தவுடனே, தானே நின்றுவிடுகிற பிராசஸர்தான் நல்ல பிராசஸர். அரைகுறையாக ஓடிக்கொண்டு தப்புத் தப்பாக எழுதுவதைவிடச் சட்டென்று நிற்பது மேல், ஏனென்றால் நின்றதற்குப் பதிலாக இன்னொன்று தயாராக இருக்கிறது.

இரண்டு சர்வர் வைத்தும் ஒரே பில் நம்பர் இரண்டு பேருக்குப் போனது. எப்படி?

ஒரு பூக் கமிஷன் கடையில் நானே பார்த்தது. இரண்டு மெஷின், ஒன்று மெயின், ஒன்று பேக்கப். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து மல்லி மூட்டைகள் வந்து இறங்குகிற நேரத்தில், இரண்டு மெஷினுக்கும் நடுவில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது கேபிள்களை இணைக்கும் பெட்டி, போய்விட்டது. மெஷின்கள் இரண்டும் நன்றாக இருந்தன. மெயினுக்கு பேக்கப் தெரியவில்லை, பேக்கப்புக்கு மெயின் தெரியவில்லை, "அது செத்துவிட்டது, இனி நான்தான்" என்று பேக்கப்பும் பில் போட ஆரம்பித்தது. முன் கவுண்டரும் பின் கவுண்டரும் வேறு வேறு மெஷினோடு ஒட்டியிருந்ததால் இரண்டு பக்கமும் ஒரே நம்பரில் பில் ஓடியது. ஸ்விட்ச் மாற்றிய பிறகு எந்த மெஷினில் இருப்பது உண்மை என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் இரண்டும் உண்மை. கையில் இருந்த துண்டுச் சீட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சரிபார்த்தார்கள். இதற்கு ஸ்ப்ளிட் பிரெய்ன் என்று பெயர்.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் இதற்கு நியாயமான தீர்ப்பே கிடையாது. மூன்றாவதாக ஒரு ஓட்டு வேண்டும். அது பெரிய சர்வராக இருக்க வேண்டியதில்லை, டேட்டாவே வைத்துக்கொள்ளாத, உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர் ஒன்று போதும். தன் ஓட்டையும் சேர்த்து மூன்றில் இரண்டு ஓட்டு உள்ளவன்தான் மெயினாக இருக்கலாம், தனியாகிவிட்டவன் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் மேலாக, பேக்கப் பொறுப்பை எடுப்பதற்கு முன்னால் பழைய மெயினின் பவரையே துண்டித்துவிடும் வசதி இருந்தால் இன்னும் உறுதி. அந்தக் கடையில் இப்போது இரண்டும் செய்திருக்கிறோம், சின்ன மெஷினை வேறு ஸ்விட்ச்சில், வேறு யுபிஎஸ்ஸில் வைத்து.

பிராசஸர் சாகாமல் தப்பாகக் கணக்குப் போட்டால்?

நடக்கிறது. ஃபேஸ்புக் 2021-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு உதாரணம்: 1.1-ஐ 53 தடவை பெருக்கி முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டும், ஒரு பிராசஸரில் ஒரே ஒரு கோர் (சில்லுக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி) மட்டும் 0 என்றது. எரர் இல்லை, லாகில் (நடப்பதை சிஸ்டம் எழுதிவைக்கும் குறிப்பில்) ஒரு வரி இல்லை. ஃபைல் சைஸ் 0 என்று எண்ணிக்கொண்டு மேலே இருந்த புரோகிராம் அந்த ஃபைல்களையே விட்டுவிட்டது. அதே வருடம் கூகுளும் தன் டேட்டா சென்டர்களில் இதே மாதிரிக் கோர்களைப் பற்றி எழுதியது.

இதற்குப் பழைய மருந்து, ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸரில் போட்டு ஒப்பிடுவது. இரண்டு வைத்தால் தப்பு இருக்கிறது என்று தெரியும், யாருடைய தப்பு என்று தெரியாது. 1980-இல் தொடங்கிய ஸ்ட்ராடஸ் கம்பெனி இதை அழகாகத் தீர்த்தது: ஒரு போர்டில் இரண்டு பிராசஸர் ஒன்றையொன்று ஒப்பிட்டபடி ஓடும், அதே மாதிரி இன்னொரு போர்டும் அதே வேலையை அதே நேரத்தில் செய்துகொண்டிருக்கும். ஒரு போர்டுக்குள் விடை மாறினால் அந்த போர்டு முழுதாக விலகிவிடும், மற்றது நிற்காமல் ஓடும். நாலு பிராசஸர் வாங்கி ஒன்றின் வேலையைச் செய்கிறீர்கள், ஆனால் புரோகிராம் எழுதுபவர் செக்பாயிண்ட் பற்றி நினைக்கவே வேண்டாம். இன்னொரு வழி, மூன்று வைத்து மெஜாரிட்டி பார்ப்பது.

டேண்டம் வழியா ஸ்ட்ராடஸ் வழியா என்று கேட்டால், ஹார்டுவேர் பழுதுக்கு ஸ்ட்ராடஸ் வழி சுத்தமானது. ஆனால் எல்லா பிராசஸரும் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்வதால் புரோகிராமில் பிழை இருந்தால் எல்லாம் சேர்ந்து விழும். நான் டேண்டம் பக்கம்.

ஏன், பேக்கப் பிராசஸும் அதே புரோகிராம்தானே? அதே பிழையில் அதுவும் விழாதா?

விழலாம். ஆனால் பெரும்பாலும் விழுவதில்லை, இது நிறைய பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். டேண்டமில் வேலை பார்த்த ஜிம் கிரே, 1985-இல் கம்ப்யூட்டர்கள் ஏன் நிற்கின்றன என்று ஒரு அறிக்கை எழுதினார். ஓட்டத்துக்கு வந்துவிட்ட சாஃப்ட்வேரில் மிஞ்சியிருக்கும் பிழைகளில் அநேகம் நேரச் சேர்க்கையால் வருபவை, அந்தக் குறிப்பிட்ட வரிசையில் நாலு விஷயம் ஒன்றாக நடந்தால்தான் வரும், திரும்ப ஓட்டினால் வராது. அவர் காட்டிய ஒரு ஆய்வில் 132 சாஃப்ட்வேர் பழுதுகளில் ஒன்றே ஒன்றுதான் எப்போது ஓட்டினாலும் வருகிற வகை. பேக்கப் வேறு பிராசஸரில், வேறு நேரத்தில், வேறு மெமரி நிலையில் தொடங்குவதால் தப்பித்துவிடுகிறது.

எப்போது ஓட்டினாலும் வருகிற வகைக்கு இரட்டை எந்த உதவியும் செய்யாது. 1996 ஜூன் 4, ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். திசை காட்டும் கம்ப்யூட்டர் இரண்டு, இரண்டிலும் ஒரே புரோகிராம். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கும் ஒரு வரியில் எண் கொள்ளாமல் பேக்கப் நின்றது, கொஞ்ச நேரத்திலேயே அதே காரணத்தால் மெயினும் நின்றது. ஏறக்குறைய 40 நொடியில் ராக்கெட் போனது. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் நாலு கம்ப்யூட்டர் ஒரே புரோகிராமை ஓட்டின, ஐந்தாவதில் வேறு குழு தனியாக எழுதிய புரோகிராமை வைத்திருந்தார்கள், இந்தப் பயத்தில்தான்.

சிஸ்டம்டி-யில் ரீஸ்டார்ட் போட்டு வைத்தால் போதாதா?

நிறைய இடத்தில் போதும். சிஸ்டம்டி என்பது லினக்ஸில் பிராசஸ்களைத் தொடங்கிக் கவனிக்கும் புரோகிராம். விழுந்த பிராசஸை உடனே எழுப்புவது நல்ல வழி. எரிக்சன் கம்பெனியில் 1986-இல் ஆரம்பித்த எர்லாங் மொழியே இந்த எண்ணத்தின் மேல் கட்டியதுதான்: சின்னச் சின்ன பிராசஸ்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கண்காணிப்பாளர், சந்தேகம் வந்தால் விழவிட்டுப் புதிதாக எழுப்பு.

ஆனால் எழும்புகிற பிராசஸ் எந்த நிலையிலிருந்து எழும்பும் என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு கனெக்ஷனுக்கான பிராசஸை மட்டும் "கில் மைனஸ் 9" (சுத்தம் செய்ய அவகாசம் தராமல் சட்டென்று கொல்லும் கட்டளை) போட்டுக் கொன்று பாருங்கள், சோதனை மெஷினில் மட்டும். அந்த ஒன்று மட்டும் போகாது. தலைமை பிராசஸ் மற்ற எல்லாக் கனெக்ஷன்களையும் முறித்துவிட்டு, மாற்றங்களை டிஸ்க்கில் குறித்துவைத்திருக்கும் லாகிலிருந்து மீட்டெடுத்து மறுபடி திறக்கும். எல்லாருக்கும் பொதுவான மெமரியில் செத்தவன் என்ன எழுதினான் என்று தெரியாததால், அதை நம்பாமல் டிஸ்க்கில் உள்ளதை நம்புகிறது. இதைப் பார்த்து யாராவது சலித்துக்கொண்டால் நான் போஸ்ட்கிரெஸ் பக்கம்தான் பேசுவேன்.

இசிசி ரேம் கட்டாயமா?

ஆமாம். இசிசி என்பது தன் பிழையைத் தானே பார்த்துக்கொள்ளும் மெமரி: ஒரு பிட் மாறினால் திருத்திவிடும், இரண்டு மாறினால் கண்டுபிடித்துச் சொல்லும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரு நடுத்தரக் கடைக்கு, லேபுக்கு எது போதும்?

நான்ஸ்டாப், ஸ்ட்ராடஸ் எதுவும் வேண்டாம். இரண்டு சாதாரண சர்வர், இசிசி ரேம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாபேஸ் பிரதி, மூன்றாவதாக ஓட்டுப் போட ஒரு சின்ன மெஷின். ஒரே ஒரு முடிவை மட்டும் முதலாளி எடுக்க வேண்டும், நான் எடுக்க மாட்டேன்: பேக்கப்பில் எழுதி முடித்த பிறகுதான் பில் "சேவ்" ஆக வேண்டுமா, அல்லது மெயினில் எழுதியதும் ஆகிவிடலாமா? முதல் வழியில் எதுவும் தொலையாது, ஆனால் பேக்கப் படுத்தால் மெயினும் அதற்காகக் காத்து நிற்கும். இரண்டாவது வழியில் நிற்காது, ஆனால் மெயின் போகும்போது கடைசிச் சில பில்கள் போகலாம். கையில் சீட்டு இருக்கும் பூக்கடைக்கு இரண்டாவது போதும். லேப் ரிசல்ட்டுக்கு முதலாவதுதான்.

அப்புறம், இரண்டு சர்வரையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லாத நாளில் யுபிஎஸ் பேட்டரி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு கம்பெனி இன்டர்நெட் லைன் வாங்கி இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தாலும் இதே கதைதான், தெருவில் ஒரு தடவை குழி வெட்டினால் போதும்.

எல்லாம் போட்டாச்சு. வேலை செய்யும் என்று எப்படி நம்புவது?

பிடுங்கிப் பாருங்கள். மார்க்கெட் அடங்கிய மத்தியான நேரத்தில், பேக்கப் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கவுண்டரில் ஒருவர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே மெயினின் பவர் கேபிளைப் பிடுங்க வேண்டும். முறையாக ஷட்டவுன் செய்வது சோதனை ஆகாது, ஏனென்றால் ஷட்டவுன் ஆகும் மெஷின் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுத்தான் போகும். இன்னொரு நாள் பவரை விட்டுவிட்டு நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். வேறொரு நாள் பிராசஸை மட்டும் கொல்லுங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு சாவு, ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேறும் என்று சொல்ல முடியாது.

பேக்கப் எடுத்துக்கொண்டு ஓடுகிறது, கடை நிற்கவில்லை. பழுதான மெஷினை மெதுவாகப் பார்க்கலாமா?

கூடாது. ஜிம் கிரேயின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஒரு மெஷின் சராசரியாக வருடத்துக்கு ஒரு முறை பழுதாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வைத்து, முதலில் போனதைச் சரிசெய்யவே இல்லை என்றால் மொத்தமாக நிற்பதற்குச் சராசரி ஒன்றரை வருடம்; இரண்டாவது மெஷின் வாங்கிய காசுக்கு ஆறு மாதம்தான் லாபம். அதே இரண்டு மெஷினில், போனதை 4 மணி நேரத்தில் சரிசெய்து திரும்பச் சேர்த்துவிட்டால், இரண்டும் ஒரே காரணத்தால் விழாத வரையில், சராசரி 1,000 வருடத்தைத் தாண்டுகிறது. வித்தியாசம் முழுக்க அந்த 4 மணி நேரத்தில் இருக்கிறது.

கடை நிற்காததால் பழுது யாருக்கும் தெரியாமலே போவதுதான் இங்கே ஆபத்து. அதனால் மெயின் மாறிய உடனே போனுக்கு மெசேஜ் வர வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு பேர் போனுக்கு. திரும்பச் சேர்த்த மெஷின் விட்டுப்போன டேட்டாவை முழுதாக ஏற்றிக்கொண்டு சமமாகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பச்சை விளக்கு எரிவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், இரண்டு பக்கத்திலும் கடைசி பில் நம்பரை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.